கால்வாய் ஏன் வளைகிறது?



புவியியல் பாடத்தில் படைப்புச் சிந்தனையை எப்படிக் கொண்டுவருவது என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. இப்படி ஒரு சுற்றறிக்கை பள்ளிக்கு வந்தால் முதலில் நடப்பது தெர்மாகோல் வாங்குவதுதான். எரிமலை செய்வார்கள், உள்ளே சமையல் சோடாவைப் போட்டு வினிகர் ஊற்றுவார்கள், சிவப்பு நுரை பொங்கும், கண்காட்சிக்கு வந்த அதிகாரி கைதட்டுவார். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் அந்த எரிமலையைச் செய்த பிள்ளையிடம், "அகத்தியமலை ஏன் மக்களே எரிமலையாக இல்லை?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். அந்த மலைக்கும் அந்தப் பிள்ளைக்கும் யாரும் தொடர்பு உண்டாக்கித் தரவில்லை. கை வேலை செய்தது, மூளை ஓய்வெடுத்தது.

படைப்புச் சிந்தனைக்கு நான் வைத்திருக்கும் பொருள் கொஞ்சம் கறாரானது. பதில் புத்தகத்தில் இருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பதிலுக்கான சான்று பிள்ளை நடந்துபோய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கற்பனைக்குப் பிடிமானம் கிடைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் கேரள-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் நம் பாறசாலை, களியக்காவிளைப் பக்கத்துக் கிராமங்களைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரிந்து வேறில்லை. ஒரே ஆறு, இரண்டு மாநிலம், இரண்டு பாடப்புத்தகம். அத்தை பிள்ளை ஒரு புத்தகம் படிக்கிறது, மாமா பிள்ளை இன்னொன்று படிக்கிறது.

கால்வாயிலிருந்து தொடங்குகிறேன். நெய்யாறு அணையிலிருந்து இரண்டு கால்வாய்கள் பிரிகின்றன. இடதுகரைக் கால்வாய் நம் ஊர்ப் பக்கமாக வந்து எல்லையைத் தாண்டி விளவங்கோடு வட்டத்துக்குள் போகிறது. நேராகப் போனால் சீக்கிரம் போய்விடலாமே, ஏன் இப்படி ஒவ்வொரு குன்றையும் சுற்றிக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டபோது முதலில் வந்த பதில், "யாரோ பெரிய ஆளுடைய விளை நடுவில் இருந்திருக்கும் சாரே." அரசியல் அறிவுள்ள பதில்! அதையும் பலகையில் எழுதினேன். அடுத்து ஒரு பெண் கேட்டாள்: "வெள்ளம் மேட்டுல ஏறாதுல்லா சாரே?"

அந்தக் கேள்வியில் ஒரு பாடவேளை முழுதும் இருக்கிறது. கொத்தனார்கள் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்களே, அந்தக் குழாய் ஒன்று போதும். பள்ளி மைதானம் சரிவாக இருந்தால் நல்லது. இங்கே சரிவில்லாத மைதானம் கிடைப்பதுதான் அரிது. ஒரு குச்சியை நட்டு, அதே மட்டத்தில் இருக்கிற அடுத்த இடத்தைக் குழாயால் கண்டுபிடித்து இன்னொரு குச்சி நட வேண்டும். அப்படியே போனால் குச்சிகள் நேர்கோட்டில் வருவதில்லை. மேடு வந்தால் வெளியே வளையும், பள்ளம் வந்தால் உள்ளே ஒதுங்கும். குச்சிகளைக் கயிற்றால் இணைத்தால் தரையில் கிடப்பது ஒரு சமஉயரக் கோடு. அதைத் துளியளவு சரித்துவிட்டால் கால்வாய். சமஉயரக் கோட்டைப் புத்தகத்தில் வெங்காயம் வெட்டின மாதிரி வட்டம் வட்டமாகப் பார்த்து மிரண்ட பிள்ளைகள், கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது மிரளவில்லை. பள்ளத்தாக்கு ரொம்ப ஆழமாக இருந்து சுற்றிப்போக முடியாவிட்டால் என்ன செய்வது என்று அவர்களே கேட்பார்கள். அப்போது மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சொல்லலாம். 1966-ல் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கட்டினார்களே, அதே பதில்தான். பல பிள்ளைகள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கும். எதற்காகக் கட்டினார்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த கேள்வி தானாக வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தக் கால்வாயில் ஏன் தண்ணீர் இல்லை?

இங்கிலாந்தில் டேவிட் லீட் என்ற கல்வியாளர் 1998-ல் 'திங்கிங் த்ரூ ஜியாகிரபி' என்ற நூலை வெளியிட்டார். அதில் 'மர்மம்' என்று ஓர் உத்தி இருக்கிறது. ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்குப் பொருந்துகிற, பொருந்தாத, பாதி பொருந்துகிற செய்திகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குழுக்களுக்குக் கொடுப்பது. பிள்ளைகள் மேசையில் பரப்பி, சேர்த்து, விலக்கி, ஒரு விளக்கத்தைக் கட்ட வேண்டும். நான் அதை நம் ஊருக்கு மாற்றினேன். கேள்வி இதுதான்: "விளவங்கோட்டில் இருக்கும் பாட்டா இப்போது ஏன் நெல் விதைப்பதில்லை?"

சில சீட்டுகளைப் படிக்கிறேன். ஒன்று, 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்னொன்று, நெய்யாறு அணை 1958-ல் முடிந்தது. இன்னொன்று, இடதுகரைக் கால்வாயால் விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர் பாசனம் பெற வேண்டும். இன்னொன்று, 2004-ல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. இன்னொன்று, 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதுவரை படித்தால் பிள்ளைகளுக்குக் கதை முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் படிக்கிற மச்சான் சொன்ன கதை இதுதான், "நீங்கதான் அடைச்சீங்க" என்று. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ளும், அல்லது சண்டைக்குப் போகும்.

மீதிச் சீட்டுகளில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றில் எழுதியிருப்பது: கேரளத்தில் 1970-களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் இருந்தது, இப்போது சுமார் 2 லட்சம். தண்ணீர் நிறுத்தப்படாத இந்தப் பக்கத்து ஏலாவிலும், அதாவது வயல்வெளியிலும், நெல் போய்விட்டதே! அப்படியானால் பாட்டா நெல்லை விட்டதற்குத் தண்ணீர் மட்டும்தானா காரணம்? வாழைக்கும் மரச்சீனிக்கும் கிடைக்கும் விலை ஒரு சீட்டு. ரப்பர் ஒரு சீட்டு. பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குப் போய்விட்டதால் நடவுக்கு ஆள் இல்லை என்பது ஒரு சீட்டு. ஏலா மண்ணை வெட்டிச் செங்கல் சூளைக்குக் கொண்டுபோனது ஒரு சீட்டு. 2008-ல் கேரளம் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது ஒன்று. ஏன் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்று அதிலிருந்து ஊகிக்க வேண்டும்.

ஒரு குழு தண்ணீர்ச் சீட்டை நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றி அடுக்கும். இன்னொரு குழு தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கூலியை நடுவில் வைக்கும். நான் எந்தக் குழுவும் சரி என்று சொல்வதில்லை. எந்தச் சீட்டை நம்பி அப்படி வைத்தீர்கள் என்று மட்டும் கேட்பேன். ஒரு முறை ஒரு பையன், "தண்ணி நின்னதால நெல்லு போச்சா, நெல்லு போனதால தண்ணி நின்னப்ப யாரும் பெருசா கேக்கலையா?" என்றான். இந்த வழக்கை விவாதிக்கிற பெரியவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்?

வழக்கிலேயே ஒரு புவியியல் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறு அல்ல என்பது கேரளத்தின் நிலைப்பாடு. மாநிலம் பிரிவதற்கு முன்பே வகுத்த திட்டம், ஆயக்கட்டின் ஒரு பகுதி எங்களிடம் இருக்கிறது, ஆகவே பங்கு உண்டு என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு. ஓர் ஆறு எந்த ஊருக்குச் சொந்தம் என்பதை எதை வைத்துச் சொல்வது? அது பிறக்கிற இடமா, மழை விழுந்து வழிகிற நிலமா, அது நனைக்கிற வயலா? நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இலக்கணம் எழுதச் சொன்னால் பத்து நிமிடத்தில் மறந்துவிடும் பிள்ளை, இந்தக் கேள்வியோடு சேர்ந்து வந்தால் மறக்காது.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் மாநில வரைபடங்களைப் பாருங்கள். கேரளப் படத்தில் பாறசாலைக்குத் தெற்கே வெள்ளைத் தாள், ஓரத்தில் 'தமிழ்நாடு' என்ற எழுத்து. தமிழ்நாட்டுப் படத்தில் களியக்காவிளைக்கு வடக்கே வெள்ளைத் தாள். நம் பிள்ளைகள் காலையில் பால் வாங்கப் போவதும், மாமி வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதும் அந்த வெள்ளைத் தாளுக்குள்தான். மாநில எல்லை போடாத ஒரு படத்தை வரையச் சொல்லுங்கள். நடுவில் நெய்யாறு, தெற்கே குழித்துறையாறு, மேற்கே கடல், கிழக்கே மலை. ஊர்களை அவர்களே குறிக்கட்டும். கடைசியில் எல்லைக் கோட்டைப் பென்சிலால் போடச் சொன்னால், எங்கே போடுவது என்று தகராறு வரும். அந்தத் தகராறுக்காகத்தான் இவ்வளவும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்காக ஒரு முன்மாதிரி சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் திருவனந்தபுரத்தில் இருக்கும் புவி அறிவியல் ஆய்வு மையமும் சேர்ந்து பஞ்சாயத்து வள வரைபடம் தயாரிக்கும் பணியில் இறங்கின. கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி அதில் பேர்போனது. ஊர் மக்களே கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து, எந்த நிலத்தில் என்ன பயிர், எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்தச் சரிவில் மண் அரிக்கிறது என்று நிறம் தீட்டினார்கள். 1996-ல் கேரளத்தில் வந்த மக்கள் திட்டமிடல் இயக்கத்துக்கு முன்னோடிகளில் அதுவும் ஒன்று. படிப்பை நிறுத்திய பெரியவர்கள் செய்ததை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யாதா? பஞ்சாயத்து முழுவதும் வேண்டாம், பள்ளியைச் சுற்றி நாலு தெரு போதும்.

உத்திகளுக்குப் பெயர் வைப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. பயிற்சி முகாம்களில் எல்லாப் பெயரும் வரும். 1950-களில் அலெக்ஸ் ஆஸ்பார்ன் என்ற விளம்பரத் துறைக்காரர் பரப்பிய 'பிரெய்ன்ஸ்டார்மிங்'. அவருடைய கேள்விப் பட்டியலை வைத்து 1971-ல் பாப் எபெர்லே உண்டாக்கிய 'ஸ்கேம்பர்'. 1985-ல் எட்வர்ட் டி போனோ கொடுத்த ஆறு தொப்பிகள். ஒரு முகாமில் ஆறு நிறத்தில் காகிதத் தொப்பி செய்வதிலேயே முற்பகல் போய்விட்டது. ஸ்கேம்பரில் ஏழு கேள்விகள் உண்டு. புவியியலுக்கு உண்மையில் வேலை செய்வது ஒன்றுதான்: 'இதை நீக்கிவிட்டால் என்ன ஆகும்?'

மேற்குத் தொடர்ச்சி மலையை நீக்கிவிட்டால் நம் மழைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்லும். வெயில் கொளுத்தும் என்பான் ஒருவன், மதுரைக்கு நம் மழை போய்விடும் என்பாள் ஒருத்தி. பெரும்பாலான வகுப்புகளில் பாடம் இங்கே நின்றுவிடும், எல்லோருக்கும் 'வெரி குட்'. ஆனால் நமக்குச் சரிபார்க்க இடம் இருக்கிறதே! ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலை தானே நீங்கிக்கொடுத்திருக்கிறது. தென்மேற்குக் காற்று அங்கே தடுக்க ஆளில்லாமல் பாய்கிறது. மேலே ஏறினால்தானே குளிர்ந்து மழையாகும்? ஏறாமலே போய்விடுகிறது. அதனால்தான் முப்பந்தலில் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று நிற்கிறது, அதைத் தாண்டினால் உடைமரமும் பனையும். ஒரு நாள் சுற்றுலாவுக்குள் அடங்குகிற தூரம். கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகும் பள்ளிப் பேருந்தை ஆரல்வாய்மொழிப் பக்கம் திருப்பி அரை மணி நேரம் நிறுத்தினால் போதும்.

மழையைப் பற்றி இன்னொன்று. கேரளப் புத்தகம் ஜூன் மாத மழையை முதன்மையாகச் சொல்லும். தமிழ்நாட்டுப் புத்தகம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையைச் சொல்லும். நம் ஊருக்கு இரண்டும் உண்டு. எது அதிகம்? அளக்கட்டும். அடி தட்டையாக, பக்கம் நேராக இருக்கிற பாட்டில் ஒன்று, ஒரு அளவுகோல். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இதைத் தெரிந்துகொண்ட பையன் அன்றைக்கே வீட்டு மாடியின் பரப்பைக் கணக்கிட்டு, எவ்வளவு தண்ணீர் ஓடையில் போகிறது என்று அப்பாவிடம் வாதாடுவான். இரண்டு புத்தகத்தில் எது சரி என்ற கேள்விக்கு ஒரு வருடம் ஆகும் பதில் கிடைக்க. ஆகட்டுமே.

கடற்கரைப் பள்ளிகளுக்கு வருகிறேன். பூவாறு, பொழியூர்ப் பிள்ளைகளை 'பின்தங்கிய மாணவர்' என்று பதிவேட்டில் எழுதுகிறோம். அவர்களுடைய தகப்பன்மார் கணிச்சம் பார்க்கிறவர்கள். கரையே மங்கலாகத் தெரிகிற தூரத்தில் வள்ளத்தை நிறுத்தி, கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலைமுடியும் ஒரே நேரில் வருகிறதா என்று பார்ப்பார்கள். அது ஒரு கோடு. பிறகு வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம். அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்துக்குக் கீழே, மீன் அடைகிற பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, இருக்கும். தண்ணீருக்கு மேலே எந்த அடையாளமும் கிடையாது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் முக்கோண அளவையும் கோடுகளை வெட்டவிட்டு இடத்தைப் பிடிக்கிற கலைதான். அவர் கோணத்தை அளந்தார், இவர்கள் நேர் பார்க்கிறார்கள். அளவை அதிகாரிகளான வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்து எழுதினார்கள். அவர்களைப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறோம், கணிச்சத்தைச் சேர்க்கவில்லை. வகுப்பில் இதைச் செய்வது எளிது. மைதானத்தில் ஒரு குழு ஒரு நாணயத்தைப் புதைக்க வேண்டும். தரையில் அடையாளம் வைக்கக் கூடாது. 'கொடிக்கம்பமும் பின்னால் தென்னையும் ஒரு நேர், கேட்டுத் தூணும் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் ஒரு நேர்' என்று எழுதி வைத்துவிட்டுப் போகட்டும். மறுநாள் அடுத்த குழு அந்தச் சீட்டை வைத்துத் தோண்டட்டும். எந்த ஜோடி அடையாளம் தெளிவான இடத்தைக் கொடுக்கிறது, ஒன்றுக்கொன்று நெருங்கிய திசையில் இருக்கும் ஜோடிகள் ஏன் ஏமாற்றுகின்றன என்பதைப் பொழியூர்ப் பையன் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அன்றைக்கு அவன்தான் வாத்தியார்.

ஒக்கிப் புயலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30 காலையில் புயலாகிவிட்டது. கடலுக்குள் போனவர்களுக்குத் திரும்ப நேரமில்லை. பூந்துறை, சின்னத்துறை, வள்ளவிளை என்று இரண்டு பக்கத்திலும் வீடுகள் இருண்டன. புயல் எப்படி அவ்வளவு சீக்கிரம் வலுக்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைக் குழு விளையாட்டாக, 'நீங்கள் மீனவராக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று நடிக்கவைக்கும் பாடமாக ஆக்காதீர்கள். அந்த வகுப்பில் தகப்பன் திரும்பாத பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். எல்லா உத்தியும் எல்லாப் பாடத்துக்கும் ஆகாது.

மலையையும் கடலையும் ஒரே படத்தில் சேர்க்கிற ஓர் உத்தியும் இருக்கிறது. பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-ல் இந்தியா வந்தார், இங்கே பல நகரங்களுக்கு அறிக்கை எழுதினார். மலையிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கை ஒரே வெட்டுப்படமாக வரைந்து, சுரங்கத் தொழிலாளி, மரவெட்டி, வேட்டைக்காரர், இடையர், உழவர், மீனவர் என்று தொழில்களை அந்தந்த உயரத்தில் நிறுத்தியவர். தமிழ் ஆசிரியர்கள் உடனே திணையைச் சொல்வார்கள். சொல்லலாம், அதையும் கருப்பொருள் அட்டவணையாக உருப்போட வைக்காமல் இருந்தால் சரி. நெய்யாறு 1,868 மீட்டர் உயர அகத்தியமலைப் பக்கம் தொடங்கி 56 கிலோமீட்டரில், பூவாற்றில் கடலோடு சேரும் பொழியில் முடிந்துவிடுகிறது. கேரளத்தின் தென்கோடி ஆறு. இந்த ஆற்றின் வெட்டுப்படத்தை ஒரு சார்ட்டில் வரைந்து, இன்றைக்கு யார் எந்த உயரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகள் நிரப்பட்டும். மேலே மலைவாழ் காணிக்காரர், கீழே ரப்பர் வெட்டுகிறவர், குவாரி லாரி ஓட்டுநர், நாராயண குரு 1888-ல் சிவலிங்கம் நிறுத்திய அருவிப்புறத்தில் பூ விற்கிறவர், பாலராமபுரத்தில் தறி நெய்கிறவர், பூவாற்றில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவர். கொஞ்சம் வடக்கே விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர். எந்தத் திணையில் அவரைச் சேர்ப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்யட்டும்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விக்கு நானே வருகிறேன். போர்ஷன் யார் முடிப்பது? நாற்பது நிமிடப் பாடவேளை, ஐம்பது பிள்ளைகள், மார்ச்சில் பரீட்சை. நியாயம்தான். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தச் சொல்லவில்லை. ஒரு பருவத்துக்கு ஒன்று போதும். ஒன்றை நன்றாக நடத்தினால் மற்றவற்றைப் பிள்ளைகள் வேறு கண்ணால் படிக்கும்.

மதிப்பெண் போடுவது எப்படி என்பது அதைவிடக் கடினமான கேள்வி. கற்பனைக்கு மதிப்பெண் போட்டால் வாய்ச்சாலகம் உள்ள பிள்ளைதான் ஜெயிக்கும். ஆகவே நோட்டில் நடுவே ஒரு கோடு போடச் சொல்கிறேன். இடது பக்கம் 'நான் நினைப்பது', வலது பக்கம் 'எதை வைத்து'. இடது பக்கத்தில் என்ன எழுதினாலும் மதிப்பெண் கிடையாது, குறைப்பதும் கிடையாது. வலது பக்கத்துக்குத்தான் மதிப்பெண். வலது பக்கத்தைப் பார்த்துவிட்டு இடது பக்கத்தைத் தானே அடித்துத் திருத்துகிற பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண் கூட. இந்த முறையில் மெதுவாக, தயங்கித் தயங்கிப் பேசுகிற பிள்ளைகள் மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பேசியது போதும். பின்வரிசை மேசையில் இரண்டு கட்டுச் சீட்டுகள் வைத்திருக்கிறேன், ஒன்று தமிழில், ஒன்று மலையாளத்தில். கேள்வி: பொழியூர்க் கரையைக் கடல் ஏன் அரிக்கிறது? தெற்கே போட்ட தூண்டில் வளைவுகளால் என்று அங்கே சொல்கிறார்கள், அது ஒரு சீட்டில் இருக்கிறது. அலையின் திசை, மழைக்காலத்தில் மணல் போவதும் பிறகு திரும்புவதும், ஆற்றில் மணல் அள்ளியது, பொழி அடைவதும் திறப்பதும் மற்ற சீட்டுகளில் இருக்கின்றன. நான்கு நான்கு பேராக உட்காருங்கள். கடற்கரைப் பள்ளி ஆசிரியர்கள் ஒரே குழுவில் சேர வேண்டாம், ஒரு குழுவுக்கு ஒருவராகப் பிரிந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் இருக்கிறது.